ஊமையனுக்குப் பூஜ்யம்

நாட்டு மாட்டுக்கு வலியே கிடையாது என்பதை நிரூபிக்க டாக்டர் சண்முகவேலுக்குத் தேவைப்பட்டவை இரண்டு. ஒன்று, கோணி தைக்கிற ஊசி. மற்றொன்று, சிவகாசி கடைத்தெருவில் எட்டணாவுக்கு வாங்கிய கேப்பு துப்பாக்கி. சீமையில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்தவர் என்பதால் அந்தத் துப்பாக்கியைக் கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் சுடுவார்.

நிரூபிக்கிற இடம், ஆமத்தூரிலிருந்து சிவகாசி போகிற வழியில் கருவேலங்காட்டை வெட்டிக் கட்டிய ‘சங்கரபாண்டியன் ஜீவகாருண்யக் கால்நடை நிலையம்’. பட்டாசுக் கம்பெனி முதலாளி சங்கரபாண்டியன் தமது அறுபதாம் கல்யாணத்தை ஒட்டிக் கட்டிக்கொடுத்தது. வாசல் வளைவில் ‘வாயில்லா ஜீவன்களின் வலி எம் வலி’ என்று சிமெண்டில் எழுத்து. அந்த வளைவுக்குச் செங்கல் இழுத்து வந்த மாடு ஒன்று அதே இடத்தில் நுரை தள்ளி விழுந்து செத்தது. அதைப் பற்றி எழுத்து ஒன்றும் இல்லை.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை, அந்த வளைவுக்குள் முத்துப்பேச்சி தன் மாட்டை நடத்திக்கொண்டு போனாள். கம்பெனியிலிருந்து ரயில் ஸ்டேஷனுக்கு வெடிப்பெட்டி லோடு அடிக்கிற வண்டிக்காரர்களில் அவள் ஒருத்திதான் பொம்பளை. புருஷன் போனபின் வண்டி கைக்கு வந்தது. வண்டியோடு செவலை, ஊமையன் என்று இரண்டு காளையும் வந்தன. ஊமையனின் வலது கொம்பு ஒரு மாதமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. அந்தப் பக்கத்து மூக்கில் ரத்தமும் சளியும் ஒழுகின. கொம்புப் புற்று. அடியோடு அறுத்தெடுத்தால் பிழைக்கும், விட்டால் மண்டைக்குள் இறங்கிவிடும் என்று அவளுக்கே தெரியும். அறுக்கத் தெரிந்த ஆள் அந்த வட்டாரத்தில் சண்முகவேல் ஒருவர்தான். வந்த வினையே அதுதான்.

“பேரு?” என்றார் டாக்டர், தலையைத் தூக்காமல்.

“முத்துப்பேச்சி.”

“உன் பேரை யார் கேட்டது? மாட்டுப் பேரு.”

“ஊமையன்ங்கய்யா. கன்னுக்குட்டியில இருந்தே கத்தாது.”

‘குரல் எழுப்பும் உணர்ச்சி இயல்பிலேயே இல்லை’ என்று டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து, ஊசியை எடுத்து மாட்டை ஏழு இடத்தில் குத்தினார். கழுத்து, திமில், விலா, தொடை என்று வரிசையாக. ஊமையன் நின்றது. காதுக்குப் பக்கத்தில் துப்பாக்கியை நீட்டி ‘டப்’ என்று சுட்டார். டாக்டருடைய கண்கள் மூடித் திறந்தன. மாட்டின் கண் இமைக்கவில்லை.

“வலி மதிப்பெண் பூஜ்யம்!” என்று அறிவித்தார், தாமே பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி. “இருபத்து நாலு மாடு பார்த்தாச்சு. இருபத்து நாலும் பூஜ்யம்!”

அறைக்குள் ஒரு கறுப்புப் பலகை இருந்தது. காதை ஆட்டினால் ஒன்று, காலைத் தூக்கினால் மூன்று, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் ஏழு. நாலுக்கு மேல் போனால் அறுவைக்கு முன் முழு அளவு மயக்க மருந்து. நாலுக்குள் என்றால் மருந்து தேவையில்லை. கீழே டாக்டரின் கையெழுத்து, படித்த பட்டங்களோடு.

“வெள்ளிக்கிழமை அறுக்கிறோம்” என்றார். “மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். அவர் முன்னாலேயே, ஒரு சொட்டு மருந்து இல்லாமல் கொம்பை எடுத்துக் காட்டப்போகிறேன். நம் நாட்டு மாட்டுக்கு மயக்க மருந்து எதற்கு? அந்நியச் செலாவணி எவ்வளவு மிச்சம் தெரியுமா?”

முத்துப்பேச்சிக்கு அந்நியச் செலாவணி தெரியாது. ஒரு சொட்டு மருந்து இல்லாமல் என்பது நன்றாகக் காதில் விழுந்தது.

“ஐயா, இது வலிக்காம நிக்கல. நிக்கச் சொல்லிப் பழக்குனதால நிக்கிது. வெடி வண்டி மாடுய்யா. வெடிச் சத்தத்துக்குத் துள்ளுனா வண்டி குலுங்கும். வண்டி குலுங்குனா மாடும் இல்ல, நானும் இல்ல. துள்ளுற மாட்டை நாங்க வண்டியிலயே பூட்ட மாட்டோம், சந்தைக்கு ஓட்டிருவோம். நீங்க குத்திப் பாத்த மாடு அம்புட்டும் எங்க கம்பெனி வண்டி மாடு!”

அது நிஜம். ஆராய்ச்சிக்கு மாடு வேண்டுமென்று டாக்டர் கேட்க, முதலாளி தம் கம்பெனி வண்டிக்காரர்களுக்கு உத்தரவு போட்டார், மாடுகள் வந்தன. துள்ளாத மாடுகளாகப் பொறுக்கியெடுத்து, துள்ளாமல் இருக்கவும் பழக்கியவற்றைக் குத்திப் பார்த்து, துள்ளவில்லை என்று கண்டுபிடித்தவர் டாக்டர் சண்முகவேல்.

“இதோ பாரும்மா. உனக்கு விஞ்ஞானம் தெரியுமா?”

“விஞ்ஞானத்துக்கு மாட்டைத் தெரியுமாய்யா? மூணு நாளா அசை போடல. பல்லை நறநறன்னு கடிக்குது. கண்ணுக்குக் கீழ தண்ணி வழிஞ்ச கோடு பாருங்க.”

“அது தூசி.”

“போன மாசம் மொதலாளி வீட்டு நாய்க்குப் பல்லுப் பிடுங்கையில மட்டும் ஊசி போட்டீகளாமே?”

டாக்டர் பேனாவை மூடினார். “அது அல்சேஷன். சீமை நாய்க்குச் சீமை நரம்பு. உன் மாட்டோடு சேர்த்துப் பேசாதே.”

வெளியே வந்தவளைக் கம்பவுண்டர் தேவமணி வேப்பமரத்தடியில் பிடித்துக்கொண்டான். சாத்தூர்ப் பக்கத்தில் மிஷன் பள்ளி வாத்தியார் மகன். டாக்டரின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது அவன் வேலைகளில் ஒன்று. அதற்காக மனுஷனை எப்போது பழிவாங்கலாம் என்று எட்டு மாதமாகக் காத்திருந்தான்.

“தம்பி, அந்த மருந்தை நீ குத்தேன். சத்தங்காட்டாம.”

“சாவி அவரு இடுப்புலக்கா. குளிக்கையில கூடக் கழட்ட மாட்டாரு. அதுவுமில்லாம நான் எதுக்குக் குத்தணும்? வெள்ளிக்கிழமை ரம்பத்தை வைக்கட்டும். ஊமையன் ஒரு எத்து எத்துமில்ல, அதைப் பாக்குறதுக்குத்தான் கர்த்தர் என்னைய இங்கன போட்டிருக்காரு.”

“எத்தாதுலே.”

“என்னக்கா சொல்றீக?”

“எம் மாடு எத்தாது. கொம்பை அறுத்தாலும் நிக்கும். குடலை உருவுனாலும் நிக்கும். ஒங்க டாக்டரு கையைக் குலுக்கிக்கிட்டு மாலையைப் போட்டுக்கிட்டுப் போவான், எம் மாடு பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கும். நீ காத்துக்கிட்டு இரு.”

தேவமணியின் முகம் விழுந்துவிட்டது. “அப்ப அறுக்குறதுக்கு முன்னாலயே துள்ளணும்க்கா” என்றான். “வெள்ளிக்கிழமை அதிகாரிக்குக் காட்ட மறுபடி ஊசி குத்துவாரு. அதுல ஒரே ஒரு தடவை ஓடட்டும். ஏழு மார்க்கு. அவரு போட்ட சட்டப்படி அவரே பீரோவைத் தெறக்கணும்.”

முத்துப்பேச்சி வேப்பமரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். மாட்டை ஓட்டிக்கொண்டு நடந்தாள்.

ஊமையனைத் துள்ள வைக்க ஒரு வழி இருந்தது. அது எல்லா வெடி வண்டிக்காரர்களுக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வெடித்த சத்தத்துக்கு மாடு ஓடக்கூடாது, வெடித்தது வெடித்துவிட்டது. ஆனால் பக்கத்தில் எங்காவது திரி பற்றிக்கொண்டால், அந்தச் சீறல் கேட்டதும் வண்டியோடு ஓடவேண்டும். ஒரு கூப்பிடு தூரம் ஓடி நிற்கவேண்டும். அதைக் கன்றிலேயே பழக்குவார்கள். நாக்கைப் பல்லில் ஒட்டி ‘ஸ்ஸ்ஸ்’ என்பார்கள். சொன்ன கையோடு வாலடியில் பீடி நெருப்பை வைப்பார்கள். ஏழு நாள். எட்டாம் நாள் நெருப்பு வேண்டாம், ‘ஸ்ஸ்ஸ்’ போதும்.

மற்றவர்கள் இந்த வேலைக்குக் கூலிக்கு ஆள் பிடிப்பார்கள். புருஷன் இருந்த காலத்தில், ஊமையன் கன்றாக இருந்தபோது, முத்துப்பேச்சி தானே செய்தாள். பீடி குடித்துப் பழக்கமில்லாததால் ஏழு நாளும் இருமிக்கொண்டே செய்தாள். ஊமையனின் வாலுக்கடியில் மயிர் முளைக்காத ஏழு புள்ளிகள் இன்னும் இருந்தன. அதற்கப்புறம் அந்தச் சத்தத்தை அவள் ஒரு தடவைகூட அதன் காதுபட எழுப்பியதில்லை. சோற்றுப்பானை பொங்கி அடுப்பில் வழிந்து சீறினால்கூடத் தொழுவத்துப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள்.

வழி இருந்தது. அதற்கு விலையும் இருந்தது. வெள்ளிக்கிழமை முதல் வரிசையில் சங்கரபாண்டியன் உட்கார்ந்திருப்பார். காரணமில்லாமல் துள்ளிய மாட்டுக்கு அவர் கம்பெனிக் கேட்டுக்குள் இடமில்லை. யார் மாடு, எத்தனை வருஷ மாடு என்றெல்லாம் பார்க்கமாட்டார். சீசன் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டால் அவள் எந்தக் கம்பெனி வாசலிலும் நிற்க முடியாது. முதலாளிமார்கள் எதில் பேசிக்கொள்ளாவிட்டாலும் இதில் பேசிக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நிலையத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். மெட்ராஸ் அதிகாரி கதர்ச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் சங்கரபாண்டியன், விசிறியால் அவருக்கும் தமக்கும் மாற்றி மாற்றி வீசிக்கொண்டிருந்தார். ஊமையனை எதிரே வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். புற்றுக் கொம்பில் யாரோ ரோஜாப்பூ மாலை சுற்றியிருந்தார்கள். அதில் ஈ மொய்த்தது.

டாக்டர் முக்கால் மணி நேரம் பேசினார். சிந்துவெளிக் காளையில் ஆரம்பித்து ஐந்தாண்டுத் திட்டத்தில் முடித்தார். “நம் மாடுகள் ஞானிகள்! சுகதுக்கத்தை ஒன்றாகப் பார்ப்பவை!” என்றபோது அதிகாரி கைதட்டினார். சங்கரபாண்டியனும் தட்டினார். ஊமையன் சாணி போட்டது. அதை அள்ள தேவமணி நகரவில்லை.

“இப்போது பாருங்கள்” என்று டாக்டர் ஊசியை உயர்த்தினார்.

மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாட்டின் தலைமாட்டில் நின்றாள் முத்துப்பேச்சி. முதல் குத்து கழுத்தில். மாடு நின்றது. கயிற்றில் மட்டும் ஒரு நடுக்கம் வந்து அவள் உள்ளங்கையில் ஏறியது. வேறு யாருக்கும் அது தெரிய வழியில்லை. இரண்டாவது குத்து. முதலாளி அதிகாரியின் காதில், “நம்ம வண்டி மாடுதான், பாறாங்கல்லு மாதிரி நிக்கும்” என்றார். அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் மாட்டைப் புகழ்ந்திருக்கிறார். மூன்றாவது குத்து. டாக்டர் சபையைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் பின்னால் மேஜையில், வெள்ளைத் துணி மேல், ரம்பம் இருந்தது. மரம் அறுக்கிற ரம்பத்துக்கு அண்ணன் தம்பி போல.

ஊமையன் பல்லை நறநறவென்று கடித்தது.

நான்காவது குத்துக்கு டாக்டர் குனிந்தார். முத்துப்பேச்சி கயிற்றைத் தளர்த்தி, நாக்கைப் பல்லில் ஒட்டினாள்.

“ஸ்ஸ்ஸ்.”

பக்கத்தில் நின்ற தேவமணிக்குக்கூட அது மூச்சு விட்ட மாதிரிதான் கேட்டது. ஊமையனுக்கு அப்படிக் கேட்கவில்லை. வாலைக் காலிடுக்கில் சொருகிக்கொண்டு பாய்ந்தது. டாக்டரின் நெஞ்சில் அதன் தோள் இடித்தது. அவர் தேவமணி அள்ளாமல் விட்டிருந்த சாணியில் உட்கார்ந்தார். மேஜை சாய்ந்தது. சாமியானாவின் ஒரு கால் பெயர்ந்து, துணி அதிகாரியின் தலைமேல் மெல்ல வந்து இறங்கியது. ‘நாட்டு மாடுகளின் இயல்பான வலியின்மை’ என்று அட்டையில் எழுதிய நோட்டுப் புத்தகத்தின் மேல் ஒரு குளம்பு பதிந்தது. ஊமையன் வளைவைத் தாண்டி, ஒரு கூப்பிடு தூரம் ஓடி, கருவேல மரத்தடியில் நின்றது. இடது காது மட்டும் வெடவெடவென்று ஆடியது.

அந்த ஓட்டத்தைப் பார்த்தபோது முத்துப்பேச்சிக்குச் சந்தோஷம் வரவில்லை. ‘வலின்னா என்னன்னு ஒனக்குப் படிச்சுக் குடுத்தவளே நாந்தான’ என்று தோன்றியது.

துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்த அதிகாரி கறுப்புக் கண்ணாடியைத் தேடினார். அது கிடைக்காததால், வெளியே கொண்டுவந்து வைத்திருந்த மதிப்பெண் பலகையை முதல் முறையாகப் படித்தார்.

“கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் ஏழு என்று போட்டிருக்கிறதே. கயிறு அறுந்ததா?”

அறுபடவில்லை, முத்துப்பேச்சி விட்டுவிட்டாள். ஆனால் மாட்டைப் பிடிக்க ஓடிய தேவமணி அரைக் கயிற்றோடு திரும்பி வந்து, “அறுந்திருச்சுங்கய்யா!” என்று காட்டினான். நுனி கத்தரியால் வெட்டிய மாதிரி சுத்தமாக இருந்தது. கத்தரி அவன் அங்கியின் பையில் இருந்தது.

“டாக்டர், உங்கள் விதிப்படி முழு அளவு மருந்து. கொடுத்துவிடுங்கள். எனக்கு மூன்று மணிக்கு ரயில்.”

சண்முகவேல் சாணிக் கையோடு இடுப்பில் சாவியைத் தேடினார்.

மாட்டைக் கொண்டுவரப் போனவளை வளைவுக்கடியில் சங்கரபாண்டியன் நிறுத்தினார். குரலை உயர்த்தவே இல்லை.

“ஏ பேச்சி. நாளையில இருந்து ஒன் வண்டி கேட்டுப் பக்கம் வரப்படாது.”

“மொதலாளி, செவலை நல்ல மாடு...”

“ஒரே தொழுவுலதான கட்டுற? இது துள்ளுனா அதும் துள்ளும். என் கம்பெனியில எரநூறு பேரு வேலை பாக்குறான். ஜீவகாருண்யம் வேற, லோடு வேற.”

“சரி மொதலாளி” என்றாள். பிறகு வளைவை நிமிர்ந்து பார்த்து, “அந்த எழுத்துல கொஞ்சம் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுங்க, மொதலாளி. ரெம்ப தூரத்துல இருந்தே தெரியுது” என்றாள்.

கழுத்து நரம்பில் குழாய் வைத்து மருந்து ஏற்றினார்கள். ஊமையன் முன்னங்கால் மடங்கி, வைக்கோல் பரப்பில் சாய்ந்தது. கொம்படியில் மரத்துப்போகிற ஊசியையும் டாக்டர் போட்டார், ஒவ்வொரு சொட்டும் தம் ரத்தம் என்பதுபோல. பிறகு வழக்கப்படி காதருகே துப்பாக்கியைச் சுட்டார். மாடு அசையவில்லை.

“மயக்கம் முழுமை” என்றார்.

‘இதுக்கு அது முழிச்சிருக்கையிலயே அசையாதே, மூதேவி’ என்று நினைத்துக்கொண்டு முத்துப்பேச்சி மண்டியிட்டாள். ஊமையனின் காதுக்குள் வாயை வைத்து, “ஸ்ஸ்ஸ்” என்றாள்.

காது ஆடவில்லை. வால் நகரவில்லை. இன்னொரு தடவை, சத்தமாக. ஒன்றுமில்லை. மூச்சு மட்டும் நிதானமாக வந்தது. பல்லைக் கடிக்கவில்லை. அந்த மருந்தின் மேல் அவளுக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

“அறுங்க” என்றாள்.

“என்னம்மா ஓதினாய் காதில்?”

“இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன்ய்யா.”

‘மாட்டுக்காரர்களிடையே மூடநம்பிக்கை மிகுதி’ என்று டாக்டர் எழுதிக்கொண்டார். ரம்பம் ஓடியது. கொம்பு வந்தது. உள்ளே காலிபிளவர்ப் பூ மாதிரி சதை அடைத்திருந்தது. ஊமையன் தூங்கியது. சாயங்காலம் தள்ளாடி எழுந்தது. மறுநாள் காலை, கட்டுப் போட்ட தலையோடு, எட்டு நாளுக்கப்புறம் அசை போட்டது. முத்துப்பேச்சி எதிரே உட்கார்ந்து ஒரு வாய் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரத்தில் செவலையோடு ஒரு கிழட்டு மாட்டைப் பூட்டி ஆமத்தூர் சூளையிலிருந்து செங்கல் இழுத்தாள். ஊமையனை வண்டிக்குப் பின்னால் கட்டி நடத்திப் போவாள். புண் ஆறும்வரை கட்டு மாற்ற வேண்டியிருந்தது. அப்படிப் போன ஒரு நாள் தேவமணி ஒரு காகிதத்தைக் காட்டிச் சிரித்தான். டாக்டர் தம் கட்டுரையை மறுபடி எழுதி மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டார்.

“படிக்கேன், கேளுங்கக்கா. ‘இருபத்து நான்காவது மாடு ஒரு பெண்ணால் வளர்க்கப்பட்டதால் நரம்புத் தளர்ச்சி கண்டிருந்தது. எனவே கணக்கில் சேர்க்கப்படவில்லை. மீதி இருபத்து மூன்று மாடுகளுக்கும் வலி இல்லை என்பது உறுதி.’”

“அப்ப மருந்து?”

“பீரோவுலதான். சாவி இடுப்புல.”

அவன் சொல்லி முடிப்பதற்குள் வளைவுக்குள் இன்னொரு மாடு வந்தது. வண்டிக்காரன் பெத்தணனின் காளை. பின்னங்காலில் பானை அளவு கழலை. இன்றைக்கு அறுக்கிறார்களாம். பெத்தணன் முத்துப்பேச்சியைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஏலே பெத்தணா. என்ன செய்யணும்னு ஒனக்குத் தெரியுமில்ல?”

“தெரியும்க்கா.”

“செய்வியா?”

பெத்தணன் மாட்டின் முதுகைத் தடவினான். “தீவாளிக்கு இன்னும் முப்பது லோடு இருக்குக்கா. வாசல்ல கம்பெனிக் கணக்கப்பிள்ளை நிக்கிறான், பாத்துக்கிட்டு. நீயும் ஒன்னும் சத்தங்காட்டிராதக்கா. ஒன் காலைப் பிடிச்சுக் கேக்கேன்.”

மாட்டோடு உள்ளே போய்விட்டான். தொப்பியைத் தூக்கிக்கொண்டு தேவமணியும் பின்னால் போனான். முத்துப்பேச்சி ஊமையனின் ஒற்றைக் கொம்பைப் பிடித்தபடி வளைவுக்கடியில் நின்றாள். நாக்கு பல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே கேப்பு துப்பாக்கி ‘டப்’ என்றது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. மாடு நின்றிருக்கும்.